ஜூன் ஒன்றாம் தேதி

அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தது கம்ப்யூட்டர் என்றுதான் சொந்தத்தில் இன்றும் பேச்சு. கெடுத்தது நான்.

எண்பதுகளின் நடுவில், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். ஊர் ஜோசியர் பொருத்தம் பழுதில்லை என்றுவிட்டார். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அடுப்படியில் தானாகச் சிரித்துக்கொள்வாள். அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

“செவ்வாய்ப்பேட்டையில கம்ப்யூட்டர் ஜாதகம் போடறாங்களாமுங்க. மனுசன் பாத்தா முன்னப்பின்ன இருக்கும், மிசினு பொய் சொல்லாதுங்க. அதையும் ஒருக்காப் பாத்துப்போட்டு நாள் குறிச்சுக்கலாமுங்க.”

கல்லூரியில் படித்த நான்தான் போனேன். கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகும் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஜாதக நோட்டில் தமிழ் வருஷம், ஐப்பசி மாதம் என்று இருந்தது. கடைக்காரர் இங்கிலீஷ் தேதி கேட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவரச் சோம்பல். பெயரை இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுத அக்காவின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஜூன் ஒன்று. அதையே சொன்னேன்; ஐப்பசி ஜூனில் வராது என்றுகூட யோசிக்கவில்லை.

செவ்வாய் தோஷம் என்று வந்தது. தாள் முழுக்க இங்கிலீஷ். கடைக்காரர் சிவப்பு மையில் கோடிட்ட இடத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டில் பார்த்தார்கள்; வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வேலைக்கு விண்ணப்பம் எழுத என் சான்றிதழை எடுத்தபோதுதான் உறைத்தது. எனக்கும் ஜூன் ஒன்று. எங்கள் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது, வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. வாத்தியாரே ஒரு ஜூன் தேதி போட்டுக்கொள்வார். ஊருக்கே தெரிந்த கதை, படித்தவனுக்கு மறந்துபோயிற்று.

கடைக்கு ஓடிப்போய்த் தேதி தப்பு என்றேன். கடைக்காரர், “நீங்க குடுத்ததத்தானுங்க தட்டினேன்” என்றார். ஜோசியர் தப்பாகச் சொல்லியிருந்தால் அவர் வாசலில் போய் நின்று சண்டை போடலாம். இங்கே யாரிடம் போடுவது? அப்பாவும் நானும் திருச்செங்கோட்டுக்கு ஓடினோம். மாப்பிள்ளையின் அப்பா மோர் கொடுத்தார்.

“நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாமுங்க. ஆனா மிசின்ல வந்துருச்சுங்க. ஒருக்காக் காதுல உழுந்த பொறகு மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க.”

பேச்சு பரவியது. அடுத்தடுத்து வந்த வரன்களும் தோஷத்தைச் சொல்லியே திரும்பினார்கள். சில வருஷம் கழித்து, மேட்டூரில் மனைவியை இழந்த, இரண்டு குழந்தைகள் உள்ள ஒருவருக்கு அக்கா வாழ்க்கைப்பட்டாள். அவள் சிரிப்பை நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

அவள் என்னைத் திட்டியதே இல்லை. மேட்டூர் பஸ் ஏறுமுன் மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

“நான் தீவாளிக்கு மறுநா பொறந்தவ சாமி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே.”