கூரை தொடாத சுவர்

போன வருடம் மாசி மாதம், தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கிடைத்த வீடு. எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். ஒன்பதில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது. மேலே இரண்டே கால் அடி இடைவெளி. நானே நாடா பிடித்து அளந்தேன்.

அந்த இடைவெளி வழியாக எல்லாம் வந்து சேரும். பக்கத்து வீட்டுப் பெண் மிளகாய் கிள்ளித் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஒரு நாள் பதினேழு முறை தும்மினேன். அவளுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புவார். நான் இருமினால் போதும், "இன்னா பெரிப்பா, சுடுதண்ணி குடிச்சீங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பாள். என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். என் இருமலுக்கு இன்னொருவர் காது கொடுப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் டிவியைச் சத்தமாக வைத்தால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன். உடனே குறைத்துவிடுவாள்.

கடைசியில் மேஸ்திரியை வரவழைத்து, சிமென்ட் ஷீட் வைத்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒண்டி ஆளுக்கு இது எதுக்கு என்று மேஸ்திரிதான் முணுமுணுத்தார்.

முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. தும்மல் இல்லை. இருமினாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை வேண்டுமென்றே உரக்க இருமிப் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதில் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து டிவி சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

பதினோராம் நாள் காலை, சமையலறை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். இடது இடுப்பை அசைக்க முடியவில்லை. தெருக்கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்திருந்தேன். பத்தொன்பது முறை கூப்பிட்டேன். அதன்பின் தொண்டை கட்டிக்கொண்டது. கைக்கு எட்டிய டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

உடனே டிவி சத்தம் குறைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தட்டுக்கு அவள் அறிந்த அர்த்தம் அது ஒன்றுதான். மறுபடி தட்டினேன். இன்னும் குறைத்தாள். மூன்றாம் முறை தட்டியதும் டிவியையே நிறுத்திவிட்டாள். காப்பாற்று என்று நான் தட்டத் தட்ட, அவள் எனக்குப் பயந்து அடங்கிக்கொண்டே போனாள். அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விடாமல் தட்டினேன். நாற்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது.

படீரென்று கதவு திறந்தது. கையில் கரண்டியோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

"டிவியே நிறுத்திட்டேன் பெரிப்பா. இதுக்கு மேல நான் மூச்சு வுடாம இருக்கணுமா?"

அடுத்த அடி எடுத்து வைத்தபோதுதான் நான் தரையில் கிடப்பதைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். எலும்பில் விரிசல், இருபத்திரண்டு நாள் படுக்கை. மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள். மற்ற நாட்களில் இவள்தான் கஞ்சி கொண்டுவந்தாள்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும், ஷீட்டைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணாம் பெரிப்பா. தப்பா நெனச்சிக்காதீங்க. கண்ணாலம் ஆயி எட்டு வருசத்துல, நானும் அவரும் இப்பத்தான் வாய்விட்டுப் பேசிக்கிறோம்."

எட்டு வருடமாக என் காதுக்குப் பயந்து அவர்கள் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். தும்மலையெல்லாம் எண்ணிய எனக்கு அது தெரியவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். சொன்னபடி ஒரு நாளும் தவறாமல் வருகிறாள்.

சுரங்க ஆபீஸில் இருபத்தேழு வருடம் வரைபடம் போட்டவன் நான். வரைபடத்தில் சுவர் என்பது ஒரு கோடு. அதன் இந்தப் பக்கம் இருப்பவருக்குத் துணை வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு மறைவு வேண்டும் என்பதை எந்தக் கோடும் காட்டாது. இந்த வரிசையைக் கட்டியவர்கள் செங்கல்லை மிச்சப்படுத்தினார்கள், உள்ளே வாழப்போகிறவர்களைக் கேட்கவில்லை. அடைத்தபோது நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் சிரிப்பது ஷீட்டுக்கு அப்பால் மங்கலாகக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இந்தப் பக்கம் தனியே உட்கார்ந்திருக்கும்போது, அது அப்படி இருப்பதுதான் நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.