கார்த்திகைக்கு முன் எட்டுப் புள்ளி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 1981 நவம்பர் 14, சனிக்கிழமை, காலை 5.40. வேலூரில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய் பத்து காசு.
2. 6.30. கண்ணமங்கலம் தாண்டியதும் மழை. ஜன்னல் தார்ப்பாய்களை இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு ஊர் எதுவும் கண்ணில் படவில்லை.
3. 7.20. போளூரில் மழை விட்டது. தார்ப்பாய்களைச் சுருட்டினார்கள்.
4. 7.50. மலை தெரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓட்டுநர்கூட ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
5. 8.30. இறங்கினேன். மொத்தம் 82 கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்கு வருவதாக எழுதியிருந்த நூர்ஜஹானைக் காணவில்லை.
6. 8.55. அவளைச் சந்தைத் திடலில் கண்டுபிடித்தேன். கையில் மண்வெட்டி வைத்திருந்தாள்.

நூர்ஜஹானும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு, சிவில். நான் வேலூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். அவள் சொந்த ஊரில் ஒரு கட்டடக் கான்டிராக்டரிடம் வேலை பார்க்கிறாள். அவள் அண்ணன் பாஷா இந்த ஊர்க் கால்பந்து அணியின் கேப்டன், கோல்கீப்பரும் அவரே. "இரண்டு நாளில் இரண்டு ஆட்டம். ஊரே பைத்தியம் பிடித்து நிற்கிறது. வந்து பார்" என்று எழுதியிருந்தாள்.

திடலில் முப்பது பேர் இருப்பார்கள். சிலர் கூடையில் மணல் கொண்டுவந்து கோல் முன்னால் தேங்கிய தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் நூர்ஜஹான் கைகாட்டிய இடத்தில் வாய்க்கால் வெட்டினார்கள்.

"வடக்கால வெட்டுங்கனு சொன்னா தெற்கால வெட்றீங்களே! தண்ணி மேல ஏறுமா?" என்று கத்தினாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? பையை அங்க வெச்சிட்டு ஒரு கூடை எடு" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான்.

அந்தத் திடல் தெற்கிலிருந்து வடக்கே மூன்றரை அடி சரிந்திருக்கிறது. போன வருடம் லெவல் கருவி வைத்து அவளே அளந்தாளாம். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் சரிவு தெரியவில்லை. அத்தனை பெரிய மலை பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தரையும் சமமாகத்தான் தெரிகிறது.

காலை 10.30. பாஷா அண்ணனின் பட்டறைக்குப் போனோம். அவர் மாட்டுக்கு லாடம் கட்டுபவர். நாங்கள் போனபோது ஒரு வெள்ளைக் காளையைக் கயிற்றால் சுற்றி ஒரே இழுப்பில் படுக்கவைத்தார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, இரும்புத் தகட்டை வைத்து ஆணி அடித்தார். ஒரு குளம்புக்கு நான்கு நிமிடம். ஆணி அரை அங்குலம் தவறினால் மாடு நொண்டிவிடும் என்றாள் நூர்ஜஹான்.

பட்டறை வாசலில் அணியின் செயலாளர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர்தான் நிலவரத்தை விளக்கினார். மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனில் ஆறு அணிகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் ஐந்து ஆட்டம், வெளியூரில் ஐந்து. ஜெயித்தால் இரண்டு புள்ளி, டிரா என்றால் ஒன்று. கடைசி இடம் பிடிக்கும் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் எல்லாமே வேலூரில்தான். இறங்கினால் இந்த ஊர்த் திடலில் பந்தயமே நடக்காது. எட்டுப் புள்ளி எடுத்த அணி இதுவரை இறங்கியதில்லை.

"இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து மூணு மேட்ச் ஆடிட்டோம். நாலு புள்ளி இருக்கு. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ரெண்டும் ஜெயிக்கணும்" என்றார்.

"வெளியூர் ஆட்டம் அஞ்சு இருக்கே?"

"அதுல எங்கேம்மா ஜெயிக்கறது? அப்போ டீம் ஏது?"

தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் திடலில் மாட்டுச் சந்தை கூடிவிடுகிறது. சந்தை கலைந்த பிறகு அந்தத் தரையில் பொங்கல் வரை பந்து உருளாது. பாஷா அண்ணன் இந்தச் சந்தை முடிந்து அடுத்த சந்தை என்று ஊர் ஊராகப் போய்விடுவார். முன்வரிசைக்காரர்கள் இரண்டு பேர் பூமாலை கட்டுபவர்கள். நடுத் தடுப்பாட்டக்காரர் மணி, தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களில் ஒருவர். அதனால் ஒவ்வொரு வருடமும் உள்ளூர் ஆட்டங்களை முதலில் ஆடி, கிடைக்கிற புள்ளியைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு மிச்சமிருப்பவர்கள் வெளியூர் போய்த் தோற்றுவிட்டு வருவார்கள்.

"அப்படின்னா ஏன் இவ்வளவு நெருக்கி வெச்சாங்க? பதினைஞ்சு நாள்ல அஞ்சு ஆட்டமா?" என்று கேட்டேன்.

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். பாஷா அண்ணன்தான் பதில் சொன்னார்.

"வேலூர் லீக் ஆபீசுக்கு இவர்தான் லெட்டர் போட்டாரு. 'எங்க ஊர் மேட்ச் எல்லாம் கார்த்திகைக்கு முன்னாடி முடிச்சிக் குடுங்க'னு."

"சரியாத்தானே இருக்கு? கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு நாள்தானே" என்றேன்.

பட்டறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டியா பாய்! வேலூர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் படிப்பாங்க போல" என்று ஏகாம்பரம் தொடையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில் கார்த்திகை என்றால் தீபம். அந்த வருடம் தீபத்துக்குக் கொடி ஏறுவது டிசம்பர் பிறந்த பிறகு. லீக் அலுவலகம் கார்த்திகை மாதம் முதல் தேதி என்று எடுத்துக்கொண்டு, நவம்பர் 15க்குள் ஐந்தையும் திணித்துவிட்டது. நானும் அப்படியேதான் எடுத்துக்கொண்டேன்.

"எழுதுனது நீங்க. அவங்கள ஏன் சொல்றீங்க?" என்று பாஷா அண்ணன் அடுத்த குளம்பைப் பிடித்தார்.

மாலை 4.00. ஆரணி அணியுடன் ஆட்டம். டாஸில் ஜெயித்த பாஷா அண்ணன் வடக்குக் கோலைக் காட்டினார். முதல் பாதியில் இறக்கத்தில் அடிப்பது அவர்கள் வழக்கம். "முதல்லயே கோல் போட்டுடணும். மேட்டுல ஏறும்போது எவன் ஓடுவான்?" என்றாள் நூர்ஜஹான். இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழுந்தது. இரண்டாம் பாதி முழுக்கத் தடுத்தே ஆடினார்கள். ஆறு புள்ளி ஆயிற்று.

ஞாயிறு காலை 7.00. முந்தைய நாள் ஆடிய பதினொரு பேரும் திடலோரத்தில் வெந்நீர் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மணியின் கணுக்கால் வீங்கியிருந்தது. இன்னொருவருக்கு இரண்டு கால்விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. மாற்று ஆள் என்று ஒருவர்தான், அவருக்கும் காய்ச்சல். பின்னால் மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. யாரும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கோ மலையைப் பார்ப்பதா அந்தக் கால்களைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

மாலை 4.00. எதிரணி எங்கள் வேலூர். கூட்டம் முதல் நாளைவிட இரண்டு மடங்கு. பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாள் என்னை விசாரித்துவிட்டு, "வேலூரா? அப்ப நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க" என்றார். பிறகு அவரே என் கையில் வேர்க்கடலையைக் கொட்டினார்.

டாஸ் மறுபடி பாஷா அண்ணனுக்கே விழுந்தது. முப்பதாவது நிமிடத்தில் நம் பக்கம் ஒரு கோல் போட்டது. நம் பக்கம் என்று எழுதியபிறகுதான் கவனிக்கிறேன், அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பாதியில் வேலூர்க்காரர்கள் இறக்கத்தில் வந்துகொண்டே இருந்தார்கள். முடிய இருபது நிமிடம் இருக்கையில் மணியின் கால் மடங்கியது. அந்த இடைவெளியில் பந்து உள்ளே போயிற்று. 1-1.

கடைசி நிமிடத்தில் வேலூருக்குப் பெனால்டி. திடலுக்கு அப்பால் ஒரு மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. பாஷா அண்ணன் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கைகளைத் தாழ்த்தி, அடிப்பவரின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்து இடது மூலைக்குப் போனது. அவர் அதைத் தட்டிவிடவில்லை, பிடித்தார். பிடித்து நெஞ்சோடு அழுத்தித் தரையில் கிடந்தார். ரெஃப்ரி ஊதிய விசில் யார் காதிலும் விழுந்திருக்காது. பூக்கார அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் டிராதான். ஏழு புள்ளி.

மாலை 6.15. கூட்டம் கலைந்துவிட்டது. ஏகாம்பரம் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"'தீபம்'னு மூணு எழுத்து. அது எழுதத் தெரியாம போச்சே எனக்கு. வாரத்துக்கு ஒண்ணுனு ஆடியிருந்தா மணி கால் இப்படி ஆயிருக்குமா?"

பாஷா அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்த மேட்ச் எப்ப?"

"வர ஞாயித்துக்கிழமை, ஆரணில. அதுக்கு அடுத்த ஞாயிறு குடியாத்தத்துல."

"அப்ப நான் எங்க இருப்பேன்?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார். கொடி ஏறுவதற்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. சந்தை கூடவில்லை, தேர் கிளம்பவில்லை.

"இருப்பியே பாய். இங்கதானே இருப்ப!"

"எல்லாரும் இருப்போம். வெளியூருக்கு முழு டீமா போய் எத்தனை வருஷம் ஆச்சு? உங்க தப்பு லெட்டராலதான் இது கிடைச்சிருக்கு. எழுந்திரிங்க, டீ சொல்லுங்க."

"அப்ப நான் நல்லதுதான் பண்ணேன்னு சொல்ற?"

"அப்படியெல்லாம் சொல்லல. டீ சொல்லுங்கனு சொன்னேன்."

திங்கள் காலை 6.00 மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஊரில் கால்பந்து பங்குனி வரை நடக்கும். ஆரம்பத்தில் நான்கு ஆட்டம் தோற்றாலும் தை மாதத்தில் சரிக்கட்டிவிடலாம் என்று பேசிக்கொள்வோம். இந்த ஊருக்குத் தீபக் கொடி ஏறும்வரைதான் எல்லாம். அதற்குள் சேர்த்தது சேர்த்ததுதான் என்று தெரிந்தே பெயர்ந்த நகத்தோடு ஓடுகிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு ஆட்டம் என்ற சொல்லை இலேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதும் புதன்கிழமை நிலவரம்: ஐந்து ஆட்டம் முடிந்தது, ஐந்து பாக்கி. கையில் ஏழு புள்ளி, வேண்டியது இன்னும் ஒன்று. முழு அணியோடு ஆடக் கிடைப்பவை இரண்டு ஆட்டங்கள். மணியின் கணுக்காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை.