நேரம் தவறாதவருக்கு வாய்த்த இதயம்

என் தங்கையின் வீட்டுக்காரரை எல்லாரும் மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறார். தலைமையாசிரியரே கண் காட்டினாலும் அரை நிமிடம் முன்னே பின்னே ஆகாது. முதல் மணி அடித்த கையோடு வாசல் கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார். இந்தக் கறார் பேர்வழியோடு நீ எப்படித்தான் குப்பை கொட்டுகிறாயோ என்று அவர் காதுபடவே தங்கையிடம் கேட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவரின் இதயம் நாற்பத்தொன்பது வயதில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அது சரியாக ரத்தம் அனுப்பாததால் சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், இரண்டையும் ஒரே ஆளிடமிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். பதினோரு மாதம் காத்திருந்தோம். யாரோ ஒரு குடும்பம், தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளில், எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையாட்டியது. யாரென்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டை நினைக்காமல் என் தங்கை ஒரு வாய் சாப்பிடுவதில்லை.

புது இதயத்தில் ஒரு வேடிக்கை. வைத்துத் தைக்கும்போது நரம்புகளை ஒட்ட முடியாதாம். மூளை போடும் உத்தரவு அதற்கு நேராக எட்டாது. ரத்தத்தில் கலந்து வரும் சேதியைப் பார்த்துத்தான் வேகம் பிடிக்கும். இவர் மாடிப்படி ஏறி முடித்து உட்கார்ந்த பிறகு, அது சாவகாசமாகப் படபடக்கத் தொடங்கும். நேரம் தவறாத மனிதருக்கு வாய்த்த இதயம் தாமதப் பேர்வழி. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உடம்பு புது உறுப்புகளை அந்நியன் என்று தாக்காமல் இருக்க, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவு கூடினால் சிறுநீரகத்துக்கு ஆகாது, குறைந்தால் இதயத்துக்கு ஆபத்து. ஏழு மாதத்தில் இவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. நர்ஸ் மற்ற நோயாளிகளிடம் இவரைக் காட்டிப் பேசுவார். பரிசோதனை நாளில் மட்டும் ஒரு சட்டம் உண்டு: முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும், பிறகுதான் மாத்திரை. போட்ட பிறகு எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

அளவு சரியாக இருந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருந்த நாள் அது. வழக்கமாக ஏழரைக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள். அன்று நானும் கூடப் போயிருந்தேன்; வரிசை நகரவே இல்லை. மணிக்காரர் பக்கத்தில் நின்ற புது நோயாளிக்கு, முதலில் ரத்தம், பிறகு மாத்திரை என்று விரலை ஆட்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு ஃபோனில் மாத்திரை அலாரம் அலறியது. வாய் பாடம் எடுக்க, கை தன் பாட்டுக்கு டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டியது நான்தான். இருவருக்கும் உறைக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு ரத்தம் கொடுத்தோம்.

மத்தியானம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அளவு இரண்டு மடங்காம். மாத்திரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், வேலையை அடுத்த மாதம் யோசிக்கலாம் என்றார். நேரத்துக்குத்தானே போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, இவரா தவறுவார் என்று நர்ஸே பதில் சொன்னார்.

அப்போதுதான் எனக்குத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. மணிக்காரரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, அவருக்கும் புரிந்துவிட்டது. சொன்னால் ஏழு மாதம் சேர்த்த பேர் போய்விடும். சொல்லாவிட்டால் பாதி மாத்திரையில் இதயம் போய்விடும். டாக்டரம்மாவின் பேனா காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார் அவர். "தப்பு என் மேல. இன்னைக்கு மாத்திரையப் போட்டுட்டுத்தான் ரத்தம் குடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொல்லாம போயிருந்தா உங்க இதயத்த நானே கெடுத்திருப்பேன்," என்றவர், மறுநாள் காலை வெறும் வயிற்றோடும் மூடிய டப்பாவோடும் வரச் சொன்னார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து மணிக்காரர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். திமுதிமுவென்று அடித்தது. உள்ளே நடந்தது இதற்கு இப்போதுதான் தெரியும்போல என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அளவு சரியாக இருந்தது. திங்கட்கிழமை நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, நொடி பிசகாமல் மணியடித்தார். விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். தெருமுனையில் மூன்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மணிக்காரர் ஒரு கையைக் கேட்டிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சாத்தவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க மச்சான்," என்றார். "இதுவே இன்னும் வந்து சேரல."