கை கூப்பாமல் ஒரு கட்டளை

நான் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மிஷன் பங்களாவில் வில்வண்டி ஓட்டுவது என் வேலை. மாடுகளோடு பேசுவேன். மனிதர்களோடு பேச நாக்கு எழும்பாது. அப்படிப்பட்ட என்னை ஒருமுறை இங்கிலீஷ் வகுப்பின் முன்பெஞ்சில் பிடித்து உட்கார வைத்தார்கள். சொன்னால் என் வீட்டாரே நம்புவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் வேதபாடமும் உண்டு, இங்கிலீஷ் கிடையாது. வேண்டுமென்றால் பிள்ளைகள் நாகர்கோவிலுக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு வழியுள்ள வீடுகள் மிகக் குறைவு. அதனால் கிராமத்து வாத்தியார்களையே இங்கிலீஷ் கற்பிக்கப் பழக்குவது என்று மிஷன் தீர்மானித்தது. கன்னிப்பூ நெல் அறுப்பு விடுமுறையில் அவர்கள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்து தங்குவார்கள். பழக்கியவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். மிசியம்மா என்போம்.

மிசியம்மாவின் முறை எனக்குப் புதுமையாக இருந்தது. ஆரம்பத்தில் புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. வாத்தியார் ஒரு சொல்லைச் சொல்லிக் கையால் காட்டுவார், கேட்பவர் அதைச் செய்ய வேண்டும். நடுவில் தமிழ் ஒரு சொல்கூட வரக்கூடாது. கடைசி நாளில் ஒவ்வொரு வாத்தியாரும், மிஷன் பள்ளிகளுக்குப் பொறுப்பான பெரிய துரையின் முன்னால், இங்கிலீஷே தெரியாத ஆட்களுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் அவர் பள்ளிக்கு இங்கிலீஷ் வகுப்பு.

இங்கிலீஷ் தெரியாத ஆட்களுக்குப் பங்களாவில் என்ன பஞ்சம்? சமையல் பார்க்கும் குசினிக்காரர், லேஸ் பின்ன வரும் ஒரு வயதான அம்மாள், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் சாயபு, நான். ஒத்திகைக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள், வகுப்பு வந்தே தீரும் என்று நம்பி, ரப்பர் தோட்ட வேலை முடிந்து வந்த நேரங்களில் பள்ளியோடு சேர்த்து ஓர் ஓலைக் கொட்டகை கட்டிவிட்டார்களாம். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லும்போது அவருக்குச் சோறு இறங்காது. "கட்டிப் போட்டாச்சு. நான் வெறுங்கையோட எப்படிப் போவேன்?" என்பார்.

அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. பைபிளை இங்கிலீஷில் வாசித்தால் மிசியம்மாவே தலையசைப்பார். வராதது ஒன்றுதான், கட்டளையிடுவது.

முதல் ஒத்திகையில் லேஸ்கார அம்மாளின் முன் நின்றார். "ஸ்டேண்ட் அப்" என்று சொல்ல வேண்டும். சொன்னார். சொல்லும்போதே இரண்டு கையும் கூடி நெஞ்சுக்கு வந்துவிட்டன. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. கையைத் தூக்கி ஆசீர்வதித்தாள்.

மிசியம்மா பாடத்தை நிறுத்தி, ஏன் எழுந்திருக்கவில்லை என்று தமிழில் கேட்டார்.

"கும்பிட்டா நல்லா இருன்னுலா சொல்லணும்? எழும்பவா செய்வாவ?" என்றாள் அவள்.

குசினிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓய் சாரே, ஒரு கிழவிய எழுப்பதுக்கா இப்பிடி வேர்க்குது உமக்கு? எனக்க அடுப்படிக்கு வாரும், அதட்டப் படிப்பிச்சுத் தாரேன்!"

"கெழவி உனக்க அம்மை!" என்றாள் அந்த அம்மாள்.

அடுத்து சாயபுவிடம் போனார். அங்கும் கை கூடியது. சாயபு பயந்துபோய்த் தானும் கும்பிட்டார். என்னிடம் வந்தபோதும் அப்படியே. கடைசியில் நாங்கள் எல்லோருமே "ஸ்டேண்ட் அப்" என்றால் கும்பிடுவது என்று படித்துக்கொண்டோம். கையைப் பார்த்துத்தானே அர்த்தம் தெரியவேண்டும்? மிசியம்மாவின் முறைப்படி எங்கள்மேல் குற்றமில்லை.

மறுநாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொன்னார் மிசியம்மா. கட்டினார். குரல் போய்விட்டது.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாத்தியார் தொழுவத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அவராகவே சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் வழியில் மேல்சாதி ஆட்கள் வந்தால் புதருக்குள் இறங்கி நிற்க வேண்டும். "வெலகு, நில்லு, போ எல்லாம் கேட்டுப் பழகின வீடாக்கும் எங்களுக்க வீடு. பிள்ளையளுக்குச் சொல்லிருவேன். வயசு மூத்தவங்கள நில்லுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

வாளியை நீட்டினேன். வாங்கி மற்ற மாட்டுக்குக் காட்டினார்.

கடைசி நாள் பெரிய துரை வந்தார். நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றே பார்ப்பது அவர் வழக்கம். முந்திய வாத்தியார்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். சத்தமாகக் கட்டளையிட்டார்கள். நாங்கள் எழுந்தோம், உட்கார்ந்தோம், கதவைத் திறந்தோம், சாத்தினோம். வாய் திறக்க வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை. சாயபு மட்டும் நடுநடுவே "எனக்க மீன் வெளியே கெடக்கு" என்றார்.

மலையடிவார வாத்தியார் முறை வந்தது. அவர் முன்னால் வந்து நிற்பார் என்று பார்த்திருந்தோம். ஒரு முக்காலியை இழுத்து எங்களுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "ஸ்டேண்ட் அப்" என்று சொல்லித் தானே எழுந்தார். "ஸிட் டவுன்" என்று சொல்லித் தானே உட்கார்ந்தார். பிறகு குசினிக்காரரைக் கையால் காட்டிவிட்டுக் காத்திருந்தார்.

குசினிக்காரருக்குப் புரிந்துவிட்டது. "ஸ்டேண்ட் அப்!" என்று அதட்டினார். வாத்தியார் துள்ளி எழுந்தார். ஒரு வாத்தியாரை எழுப்பிவிட்ட சந்தோஷத்தில் குசினிக்காரர் மறுபடியும் உட்கார வைத்தார், மறுபடியும் எழுப்பினார். "போதும்வே, அந்த மனுசனுக்க இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று தள்ளிவிட்டுச் சாயபு தன் முறையை எடுத்துக்கொண்டார். கதவு, ஜன்னல், நடப்பது, வருவது எல்லாம் அப்படியே. நாங்கள் சொல்ல அவர் செய்தார். தவறாகச் சொன்னால் செய்யாமல் நின்று, தானே ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டி, மறுபடியும் காத்திருந்தார்.

என் முறை வந்தபோது வழக்கம்போல் நாக்கு எழும்பவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்தவரிடம் போகவுமில்லை. முகத்தில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "கம்" என்றேன். அருகில் வந்தார். அப்படிக் காத்திருக்கத் தெரிந்த வாத்தியார் எனக்குச் சிறுவயதில் வாய்த்ததில்லை.

பெரிய துரைக்குத் திருப்தியில்லை. எங்கள் தமிழை அவர் நன்றாகப் பேசுவார். "வாத்தியாரைப் பிள்ளைகள் ஆட்டிவைப்பதா? உத்தரவிடத் தெரியாதவருக்கு எப்படி வகுப்புக் கொடுப்பது?" என்றார். வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது.

மிசியம்மா எழுந்தார். "மற்ற பாடங்களில் பேசியது வாத்தியார்கள். இந்தப் பாடத்தில் பேசியது இவர்கள்" என்றார்.

"கிளிப்பிள்ளைபோல் பேசியிருக்கலாம்" என்றார் துரை. பிறகு எங்களைப் பார்த்து, "யாராவது என்னிடம் ஏதாவது சொல்லுங்கள்" என்றார்.

துரைக்குக் கட்டளையா? குசினிக்காரரே தலையைக் குனிந்துகொண்டார். நான் பெஞ்சுக்குக் கீழே பார்த்தேன். லேஸ்கார அம்மாள்தான் துரையைத் தலையிலிருந்து கால்வரை ஒருதடவை பார்த்தாள்.

"ஸிட் டவுன்" என்றாள்.

துரை சுற்றிலும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து நிக்காவளே, கால் கடுக்காதா?" என்று அவள் எங்களிடம் தமிழில் விளக்கம் சொன்னாள். முதலில் சிரித்தவர் துரைதான். உட்கார்ந்தபடியே, மலையடிவாரப் பள்ளியில் ஒரு வருஷம் வகுப்பு நடத்திப் பார்க்கலாம் என்று சொன்னார்.

மறுநாள் வாத்தியாரை ஊரில் விட்டுவர என்னை அனுப்பினார்கள். ஊருக்குள் திரும்பும் முனையில் பத்திருபது பேர் நின்றார்கள். வண்டி நிற்கும் முன்னே ஒரு பெண் ஓடிவந்து சக்கரத்தோடு நடந்தாள்.

"சாரே, உண்டா இல்லியா?"

"உண்டு" என்றார்.

அவர் இறங்குமுன் இரண்டு பேர் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பள்ளியின் பெஞ்சுகளைக் கொட்டகைக்குத் தூக்கிப்போகத் தொடங்கிவிட்டார்கள். நானும் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஒரு பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தேன்.