எந்தப் பட்டன், தாயி?

கம்ப்யூட்டரைக் கண்டாலே எனக்கு இப்பக் குமட்டிக்கிட்டு வருது. இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுறதே அதுதான். போடியில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்துல சின்னதா ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். ஏலக்காய்க் கமிஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு எங்க பெட்டி படுத்தாலும் கூப்பிடுவாங்க. பையைத் தூக்கிக்கிட்டு நான் போய் நின்னதும் ஏற எறங்கப் பாத்துட்டு, "ஆம்பளை யாரும் வரலையா"ம்பாங்க. அந்த எரிச்சல் எல்லாம் பழகிப் போச்சு. பழகாதது ஒண்ணுதான். ஒத்தைப் பட்டனை அமுக்க ஆளில்லாமப் போனதுக்கு ஒரு மனுஷனோட வேலையும் வீடும் போனதை மட்டும் என்னால முழுங்கவே முடியலை.

குரங்கணிக்கு மேல ஒரு ஏலத்தோட்டம். தோட்டத்துக்காரர் போடியில இருக்காரு. எங்க ஊரு சிலமலைப் பக்கம் அவருக்கு நெலம் இருக்கு. ரத்த ஒறவெல்லாம் இல்ல, ஊர் மொறைக்கு எனக்கு மாமா. அந்தத் தோட்டத்துல பறிச்ச காயைக் காய வெக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர்னு பேரு. வெளிய அடுப்புல வெறகு எரியும், குழாய் வழியா சூடு ரூமுக்குள்ள போகும், தட்டுத் தட்டா அடுக்கின பச்சைக்காய் முழுசா ஒரு நாள் காயும். ஈரக்காத்து வெளிய போகலைன்னா காய் புழுங்கிரும். சூடு கூடிப்போனா வெளுத்து வெடிச்சிரும். பச்சை நெறம் போன காயை ஏலத்துல எவனும் கையில அள்ளிக்கூடப் பாக்க மாட்டான்.

ஆதியில அந்த ஸ்டோரை ரெண்டு பேரு பாத்துக்கிட்டாங்க. ஒருத்தர் அடுப்பை விட்டு நகர மாட்டாரு, இன்னொருத்தர் காய் எடை போடுவாரு, தட்டு மாத்துவாரு. சென்னையிலருந்து ஒருத்தன் வந்து மாமாவுக்கு ஆசை காட்டினான். சூட்டை அளக்க கருவியாம், அதைப் பாத்து காத்தாடியைத் தானாப் போட்டு விட ஒரு சர்வராம், சூடு எகிறினா அலறுறதுக்கு சைரனாம், வீட்டுல சாஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் போன்ல பாத்துக்கலாமாம். மாமா மயங்கிட்டாரு. காத்து போக இருந்த பழைய ஜன்னலை எல்லாம் அடைச்சு, காத்தாடி மாட்டி, சர்வரை ஏத்தினாங்க. ஏத்தின கையோட ரெண்டு பேர்ல ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்திட்டாரு. "அதான் மிஷினு பாத்துக்குதே பாப்பா"ன்னாரு என்கிட்ட. மாட்டிக் குடுத்தவன் அதோட போனை எடுக்கலை. அந்தக் கருமம் என் தலையில வந்து விழுந்துச்சு.

மிச்சமிருந்தவரை நான் ஸ்டோர் அண்ணேன்னு கூப்பிடுவேன். அம்பது வயசைத் தாண்டினவரு. லயம்னு தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையா கட்டி விட்ட வீடுக இருக்குல்ல, அதுல ஒரு ரூமுல அவரும் சம்சாரமும். பொறந்ததே அந்த லயத்துலதான். வேலை இருக்குற வரைக்கும் ரூமு, வேலை போனா ரூமும் போச்சு. மலைக்கு மேலயும் சரி, கீழயும் சரி, அவருக்குன்னு வேற ஒரு கூரை கெடையாது.

மலையில கரண்டு போறதுக்குக் காரணம் வேணுமா? காத்தடிச்சாப் போகும், கெளை உரசினாப் போகும். பேட்டரி அரை மணி நேரம் தாங்கும், அப்பறம் சர்வர் அணைஞ்சிரும். திரும்பக் கரண்டு வந்ததும் யாரும் தொடாம அதுவா எந்திரிச்சு வேலையைப் பாக்கணும். ரெண்டு மாசம் ஒழுங்கா எந்திரிச்சுச்சு. ஆயுத பூஜை முடிஞ்ச மறு வாரம் எந்திரிக்கலை.

ஜீப்பு ஏறிப் போய்ப் பாத்தேன். கறுப்புத் திரையில வெள்ளையா ஒத்தை வரி. மூடி தொறக்கப்பட்டிருக்காம், மேல போகணும்னா எஃப் ஒன் பட்டனை அமுக்கணுமாம். யாருகிட்டடா சொல்ற? ஆளில்லாத ரூமுல, கரண்டு வந்து நாலு மணி நேரமா, செவுத்தைப் பாத்து அந்த வரியைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கு. உசுரு போற விஷயம்னா சரி, மூடியைத் தொறந்தாங்களாம், அதுக்குக் கோவமாம். சீ, என்ன ஒரு பொறப்புன்னு இருந்துச்சு. அன்னிக்கு அண்ணே அடுப்புக்கிட்டயே உக்காந்திருந்ததால வெறகை இழுத்துப் போட்டு காயைக் காப்பாத்திட்டாரு.

மூடியைக் கழட்டினா உள்ள சந்தனம், குங்குமம், காத்தாடி இறக்கையில ஒட்டிக்கிட்டு ரெண்டு செவ்வந்தி இதழ். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. "என்னண்ணே இது, மாப்பிள்ளை அலங்காரமா?"ன்னேன்.

"நம்ம ஸ்டோர்ல ஆயுத பூஜைப் பொட்டை மேலாக்க வெக்கிறதில்ல தாயி. வேலை நடக்குற எடத்துலதான் வெக்கணும். அடுப்புன்னா வாய்க்குள்ள, தராசுன்னா முள்ளுமேல. பெட்டிக்கு வேலையெல்லாம் உள்ளதான நடக்குது? மொதலாளியே சூடத்தைக் கையில வெச்சுக்கிட்டு, மூடியைக் கழட்டிட்டு வைடான்னாரு" அப்படின்னாரு.

நல்லாத் தொடைச்சு எடுத்துட்டு மூடினேன். அப்பத்தான் அவரு கேட்டாரு. "எந்தப் பட்டன் தாயி அமுக்கணும்? காட்டிட்டுப் போ. மறுக்கா நின்னா நானே அமுக்கிர்றேன். இந்த ஒண்ணுக்காக நீ இம்புட்டுத் தூரம் ஏறி வரணுமா?"

நியாயமான கேள்வி. கொழந்தைக்குக்கூடக் காட்டிக் குடுக்கலாம், மேல் வரிசையில ரெண்டாவது பட்டன். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் நீங்க தொடாதீங்கண்ணே, மாத்தி அமுக்கிட்டா எல்லாம் அழிஞ்சு போயிரும்"னேன். அப்படி ஒண்ணும் அழியாது. படிச்சவ நான், பெட்டி வைத்தியம் எனக்குத்தான் தெரியும்கிற திமிரு. அதோட விட்டேனா, அவரு கண்ணுல படாம முதுகைக் காட்டி மறைச்சு நின்னுக்கிட்டு அமுக்கினேன். இப்ப நெனைச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

இன்னொண்ணும் பண்ணினேன். அந்த மூடிப் புகாரை செட்டிங்குக்குள்ள போய் அழிச்சாத்தான் அடங்கும், இல்லன்னா கரண்டு போய் வர்ற ஒவ்வொரு தடவையும் நிக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷச் சோலி. வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு, கீழ எறங்குற ஜீப்புக்காரரு ஆரனை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. "இனிமே நிக்காதுண்ணே"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். போடி வந்து சேர்றதுக்குள்ள சுத்தமா மறந்துட்டேன்.

பத்து நாள் கழிச்சு மத்தியானம் மாமா போன் போட்டாரு. "கெளம்பு பாப்பா வெரசா, காயெல்லாம் போச்சு." அவரு ஜீப்புலயே போனோம். வழி நெடுகப் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே வந்தாரு. "இங்க பாரு, காலையில இருந்து சூடு ஒரே சீராத்தான் காட்டுது. மிஷினு கரெக்டா இருந்திருக்கு, இவன்தான் எங்கயோ படுத்துத் தூங்கிட்டான்." கரண்டு போறதுக்கு முன்னாடி வந்த கடைசி நம்பரு மாமா அது, செத்த நம்பருன்னு சொன்னேன். காதுலயே போட்டுக்கலை.

ஸ்டோர் வாசல்லயே வாடை அடிச்சுச்சு. ஒரு ரூமுக் காய் முழுக்க வெளுத்து, வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. பக்கத்து ரூமுல அன்னிக்குப் பறிச்ச ஈரக்காய் புதுசா ஏத்தியிருந்தாங்க. அண்ணே கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "பொம்பளையாளுக காயைக் கொண்டாந்துட்டாங்க மொதலாளி, எடை போடப் போனேன். வேற யாரு இருக்கா? சைரன் அடிக்கும்னு நம்பிட்டேன். தாயி இனிமே நிக்காதுன்னுச்சு" அப்படின்னாரு.

சர்வர் ரூமுக்குப் போனா அதே வெள்ளை வரி. சர்வரே எந்திரிக்காம சைரன் எங்கருந்து அடிக்கும்?

"என்ன போட்டிருக்கு?"ன்னாரு மாமா. மூடியைத் தொறந்திருக்காங்களாம், எஃப் ஒன் அமுக்கணுமாம்னு படிச்சுச் சொன்னேன். என் வெரல் தன்னால அந்தப் பட்டன் மேல போய் உக்காந்துச்சு.

"யாரு தொறந்தா?"

"நாந்தான் மொதலாளி"ன்னாரு அண்ணே. நீங்க சொல்லித்தானேன்னு அவரு சொல்லலை. சூடம் காட்டின மனுஷன் கூரையை வேடிக்கை பாக்குறாரு!

"அப்ப மிஷினைக் கெடுத்ததும் நீதான், காயைக் கெடுத்ததும் நீதான். மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிரு."

"மாமா, தப்பு என்னுது. போன தடவையே இதை அழிச்சிருக்கணும், சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். மூடியைக் கழட்டச் சொன்னது நீங்க"ன்னு கொட்டிட்டேன்.

"விடு பாப்பா. நம்ம புள்ள நீ, படிச்ச புள்ள. உனக்கு ஆயிரம் சோலி, மறக்குறதுதான்." கோவமே இல்ல அவரு கொரல்ல. தலையைத் தடவி விடாத கொறைதான். "பொட்டு வெக்கச் சொன்னேன், கெடுக்கவா சொன்னேன்?"

தப்புன்னு ஒத்துக்கிட்டவளுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம புள்ளையாம்! தூ. அந்த நிமிஷம் அந்த மொறை சொல்லிக் கூப்பிடுறதே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. பட்டன் மேல வெரலை வெச்சபடியே உக்காந்துட்டேன். "அண்ணே இங்கதான் இருப்பாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. அப்பறம் அமுக்குறேன்."

"எங்கிட்டயே பேரம் பேசுறியா?"

"ஆமா."

அவரும் அசையலை, நானும் அசையலை. காத்தாடி ஓடலை. அண்ணே அடுப்புலருந்து வெறகை வெளிய இழுத்துட்டு வந்து மறுபடியும் வாசல்ல நின்னாரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஈரக்காய் காத்தில்லாமப் புழுங்குற வாடை லேசா வர ஆரம்பிச்சுச்சு. மாமா மூஞ்சியைப் பாத்தேன், வேர்த்து ஊத்துது. இன்னும் கொஞ்ச நேரம், மனுஷன் எறங்கி வந்துருவாருன்னு எனக்கு நம்பிக்கை. இன்னிக்கும் அந்த நம்பிக்கை இருக்கு.

"காய் கெட்டுரும் தாயி."

அண்ணே எப்ப உள்ள வந்தாருன்னு நான் பாக்கலை. என் வெரலை மெதுவா நகத்திட்டு, கரி ஒட்டின வெரலால அந்தப் பட்டனை அவரே அமுக்கிட்டாரு. இம்புட்டு நேரமும் என் வெரலு இருந்த எடத்தைப் பாத்துக்கிட்டே நின்னிருக்காரு மனுஷன். திரை மாறுச்சு. கொஞ்ச நேரத்துல காத்தாடி ஓடுற சத்தம் கேட்டுச்சு.

மாமா ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாருங்க. "பாத்தியா பாப்பா? எந்தப் பட்டன்னு தெரிஞ்சுதான் வெச்சிருக்கான். அப்பறம் ஏன்டா காலையில அமுக்கலை?"

நான் கத்தினேன். இப்பத்தான் பாத்தாரு, அன்னிக்கே எங்கிட்டக் கேட்டாரு, நாந்தான் மறைச்சேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மாமா போனை எடுத்து, சூட்டு நம்பரு மறுபடி வர்றதைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அண்ணே இழுத்துப் போட்ட வெறகைத் திரும்ப அடுப்புல வெக்கப் போயிட்டாரு.

நான் செட்டிங்குக்குள்ள போயி அந்தப் புகாரை அழிச்சேன். எந்தக் கொறை இருந்தாலும் நிக்காம எந்திரின்னு மாத்தி வெச்சேன். சரியா ரெண்டே நிமிஷம். அதுக்கப்பறம் எத்தனையோ தடவை கரண்டு போயிருக்கு, ஒரு தடவைகூட நிக்கலை. மாசக் கடைசியில அண்ணே பாத்திரம் பண்டத்தை ஜீப்புல ஏத்திக்கிட்டு எல்லை தாண்டி கேரளாவுல ஏதோ தோட்டத்துக்குப் போனதாச் சொன்னாங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வழியனுப்புறது, நான் போகலை. மாமா இப்பவும் கூப்பிடுறாரு, நானும் பையைத் தூக்கிக்கிட்டுப் போறேன். மாமான்னுதான் கூப்பிடுறேன், வெக்கங்கெட்டவ. நான் போற எடத்துல எல்லாம் கீபோர்டுல அந்தப் பட்டனுக்குச் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டி நின்னா இதை அமுக்குங்கன்னு தமிழ்ல எழுதி வெச்சுட்டு வர்றேன்.

போன வாரம் கடையில உக்காந்திருக்கேன், தெரியாத நம்பர்லருந்து போன்.

"தாயி, ஸ்டோர் அண்ணே பேசுறேன். சொகமா இருக்கியா?" கொரல்ல ஒரு மனத்தாங்கலும் இல்ல, அதுவே எனக்கு அடிச்ச மாதிரி இருந்துச்சு. "இங்க மொதலாளிச் சேட்டனும் ஒரு பெட்டி வெச்சிருக்காரு. கரண்டு வந்துருச்சு, பெட்டி எந்திரிக்கலை. கறுப்புல வெள்ளையா ஒத்தை வரி. அங்க பாத்த மாதிரியேதான் இருக்கு. உள்ள காய் புழுங்குது தாயி."

"அதே பட்டன்தாண்ணே. மேல் வரிசையில ரெண்டாவது. அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது."

காத்தாடி ஓடுற சத்தம் கேக்கும்னு போனைக் காதோட அமுக்கிக்கிட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டுச்சு.

"எந்தப் பட்டன்னு தெரியுது தாயி, வெரலைக்கூட வெச்சிருக்கேன்"ன்னாரு. "அமுக்கினா, இங்கயும் எனக்குத் தெரியும்னு ஆயிருமே."