பென்னலூரிலிருந்து பென்னலூருக்கு

என் வாழ்க்கையில் நான் வகித்த ஒரே உளவுப் பதவி பத்து வயதில் கிடைத்தது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அதற்குக் காரணம் என் நேர்மை என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அது 1991. அந்த மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோயிருந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை. டீக்கடையில் நிற்பதென்றாலும் கையில் டீ இருக்கவேண்டும். அப்படிப்பட்ட வருஷத்தில்தான், தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்துவந்த என் சித்தப்பா, ஓ.டி. பணத்தைச் சேர்த்து ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் போட்டிருந்த கார் பந்தயப் பாதைக்கு வந்துபோகும் மெட்ராஸ்காரர் ஒருவர் விற்றது. இங்கிலாந்தில் செய்த வண்டி; என்னைவிட மூத்தது. அழுகத் தொடங்கும் தக்காளியின் சிவப்பு. கூரை கிடையாது. தரையை ஒட்டிக் கிடந்ததால் அதில் ஏறவேண்டியதில்லை, இறங்கவேண்டும். ஒரு ஜோடி உழவு மாட்டின் விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார். அங்கேயே அப்பாவின் முதல் சந்தேகம் தொடங்கியது.

"இன்னாத்துக்குடா இது?"

"ஓட்டறதுக்குண்ணா."

"ஓட்டிகினு எங்க போவ?"

"எங்கியும் இல்ல. சும்மா."

அப்பா வண்டியைச் சுற்றிவந்தார். நெல் மூட்டை வைக்க இடமில்லை. உரம் ஏற்ற முடியாது. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக முடியாது. ஒரு உபயோகமும் இல்லாத வண்டியை ஒருவன் வாங்கினான் என்றால், வெளியே சொல்ல முடியாத ஒரு உபயோகம் கட்டாயம் இருக்கவேண்டும். அம்மா அடுப்படியிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ரெண்டே சீட்டு. ஒண்ணு ஒங்க தம்பிக்கு. இன்னொண்ணு ஆருக்கு?"

ஊர் வழக்கப்படி வண்டியை அம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் ஏற்றும் முன் பூசாரி எல்லோரையும் கேட்பதுபோல் "இன்னா தொழிலுக்கு?" என்று கேட்டார். மூட்டை வண்டியென்றால் மூட்டை பெருக வேண்டிக்கொள்வார், வாடகை வண்டியென்றால் சவாரி பெருக. சித்தப்பா "சும்மா ஓட்ட" என்றார். பூசாரி தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சும்மாவுக்கு நான் இன்னான்னு வேண்டிக்கறது? அம்மன் என்னத்தானே கேக்கும்?"

கடைசியில் பொதுவாக ஒரு கற்பூரம் காட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார். ஆடி மாதம் முடிவதற்குள் உண்மையான காரணம் தெரியவேண்டும்; இல்லையென்றால் வண்டி வாங்கின இடத்துக்கே திரும்பவேண்டும். சித்தப்பா வண்டிக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், மாட்டை விற்பதற்கு முந்தின நாள் துடைப்பதுபோல.

உண்மையைக் கண்டுபிடிக்க, மர்மம் நிறைந்த அந்த இரண்டாவது சீட்டில் என்னை உட்காரவைத்தார்கள்.

"இன்னா சி.ஐ.டி., போலாமா?" என்றார் சித்தப்பா. என் பதவி அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் பெங்களூர் ரோட்டில் கிழக்கே போவோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரும். வண்டியைத் திருப்புவார். வீட்டுக்கு வருவோம். இறங்குவதில்லை, யாரையும் பார்ப்பதில்லை. காற்றில் என் ரிப்பன் பறந்துபோனதைத் தவிர ஒரு தடயமும் இல்லை. நான் இதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். சித்தப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிட்டதாக அம்மா முடிவுக்கு வந்தாள். ரோஸ்மில்க் கிடைக்காத வருத்தம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மூன்றாவது ஞாயிறு செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.

"எங்கேர்ந்து வர்ற?"

"பென்னலூர் சார்."

"எங்க போற?"

"பென்னலூர் சார்."

"பென்னலூர்லேர்ந்து பென்னலூருக்கா?"

அந்த வருஷத்தில் சொல்லக்கூடாத பதில் அது. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அன்பாக என்னைக் கேட்டார். "நீ சொல்லு பாப்பா, எங்க போனீங்க?"

"ஏரிக்கு. எறங்கல. திரும்பிட்டோம்."

"அங்க யாரப் பாத்தீங்க?"

"கொக்கு."

உளவாளிகள் உண்மை பேசக்கூடாது என்பதற்கு நானே உதாரணம். மெட்ராஸே குடிக்கிற தண்ணீரை வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறான் ஒருவன். எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறான். ஸ்டேஷன் சுவரோரம் துருப்பிடித்த வண்டிகள் மேல் கோவைக்கொடி படர்ந்திருந்தது. சித்தப்பா அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தகவல் தெரிந்து அப்பா சைக்கிளில் வந்தார். "ஒங்க தம்பிக்கு எதுக்குங்க இந்த வண்டி?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மூன்று வாரமாக அப்பா கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. "அதான் எனக்கும் தெரியல சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா நினைத்தது நடந்துவிடும். அப்பா துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"பொண்ணு பாக்கப் போறான் சார். சுங்குவார்சத்திரத்துல எடம். கார்ல போனா நல்லாருக்கும்னு ஓட்டிப் பழவறான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாப்பா வெக்கம்?" என்று சித்தப்பாவின் தோளைத் தட்டினார் இன்ஸ்பெக்டர். சுங்குவார்சத்திரம் மேற்கே, ஏரி கிழக்கே என்பதைச் சுட்டிக்காட்ட நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தலையில் கைவைத்து அழுத்தினார்.

சைக்கிளை டீக்கடையில் விட்டுவிட்டு அப்பா முதன்முறையாக அந்தச் சீட்டில் இறங்கினார். நான் அவர் மடியில். ரோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். பென்னலூர் திருப்பம் வந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நேரா வுடு" என்றார் அப்பா.

"எங்கண்ணா?"

"வுடுடா."

ஏரிக்கரை வந்தது. திரும்பினோம். "எங்க இவ்ளோ நேரம்?" என்று அம்மா கேட்டதற்கு, "ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

ஆடி முடிந்தது. ஆவணியும் போனது. விசாரணை இன்னும் முடியவில்லை என்றார் அப்பா. ஞாயிறுதோறும் விசாரிக்க அவரே போனார். அந்தச் சீட்டு என் கையைவிட்டுப் போயிற்று. ஆக இப்போது சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர். ஏரிக்கரையில் ஏதோ இருக்கிறது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் துளியும் சந்தேகமில்லை.

ஒரு நாள் நானும் அம்மாவும் பஸ் பிடித்துப் போனோம். கரைமேல் ஏறி நின்று நாலாபக்கமும் தேடினோம். தண்ணீர் இருந்தது. கொக்கு இருந்தது. காற்று அடித்தது.

"ஒண்ணுமே இல்லியேடி" என்றாள் அம்மா.

பிறகு கரையிலேயே உட்கார்ந்தாள். முந்தானை பறந்துகொண்டிருந்தது, இழுத்துச் செருகவில்லை. வழக்கைப் பற்றி யோசிக்கிறாள் என்று நான் காத்திருந்தேன். கீழே ரோட்டில் எங்கள் பஸ் வந்து நின்றது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா மீதும் ஒரு கண் வைத்தேன்.