வாடகையை நம்பிய வீடு

என் கணவர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தையெல்லாம் போட்டு, எங்கள் வீட்டுக்கு மேலே நாலு அறைகள் கட்டினார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடிவந்தார்கள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. "கடைசி வரைக்கும் இந்த மாடி நமக்குச் சோறு போடும்" என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில்கூடச் சொல்வார். கேட்க எனக்கும் தைரியமாகத்தான் இருந்தது.

கொரோனா வந்ததும் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும் சாமான்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். அவர் தினமும் மாடிக்குப் போய் அறைகளைப் பெருக்கிவிட்டு வருவார். இறுகிய முகத்தோடுதான் சாப்பிட உட்காருவார். ஒருநாள் ஜெபத்தில், 'எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"இத்தனை வருஷமா இதை வாயாலதான் சொல்லிருக்கேன். இப்பத்தான் நெஜமாக் கேக்கறேன்" என்றார்.

சில நாள் கழித்து ஒரு நர்ஸ் பெண் அறை கேட்டு வந்தாள். கொள்ளேகால் பக்கத்துப் பெண். கொரோனா வார்டில் வேலை என்பதால், குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கேட்டைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றாள்.

"அட்வான்ஸ் குடுக்க இப்ப முடியாதுங்கய்யா. என் வேலை என்னன்னு முதல்லயே சொல்லிர்றேன். அப்பறம் உங்க இஷ்டம்."

நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க. வேண்டாம்."

ஆணியில் தொங்கிய மாடிச் சாவியைப் பார்த்தார். "மாடியை நம்புனேன், காலியாக் கெடக்குது. இப்ப கடவுளை நம்பறேன்னு தினமும் சொல்றேன். அந்தப் பிள்ளையை வெளிய நிறுத்திட்டு நாளைக்கு எந்த வாயால அதைச் சொல்றது?"

சாவியை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போனார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் பேசுவதை நிறுத்தினார்கள். இரண்டாவது அலையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவளிடமிருந்து வந்ததோ, கடைத்தெருவில் ஒட்டியதோ, யாருக்கும் தெரியாது. அவள் பையைக் கட்டிக்கொண்டு வந்து அழுதாள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

"நீ போகக் கூடாது கண்ணு. இவ தனியா இருப்பா" என்றார்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவரைச் சேர்த்தோம். என்னை உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவள் அவர் கட்டிலருகில் போய் நின்று எனக்குப் போன் பண்ணுவாள். சில நாள் அவர் மூச்சுச் சத்தம் மட்டுந்தான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே ஜெபமாலை சொல்லி முடிப்பேன்.

பிழைத்து வந்தார். ஆனால் படி ஏற முடியவில்லை, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "கடவுளை நம்பி ஆளை உள்ள விட்டீங்க. என்ன ஆச்சு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

அவர் மூச்சை இழுத்து இழுத்துத்தான் பதில் சொன்னார். "நோய் வராம இருக்கோணும்னு நான் கேக்கல. கூட இருங்கன்னுதான் கேட்டேன். இருந்தாரு."

அதற்குப் பிறகு வாடகை பழையபடி வரவில்லை. இரண்டு அறைகளுக்கு ஆள் வந்தது, அதுவும் குறைந்த வாடகைக்கு. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டினோம். ஆனால் அவர் முகத்தில் அந்தப் பழைய இறுக்கம் இல்லை. சின்னச் சின்ன விஷயத்துக்குச் சிரித்தார். போன வருஷம் மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் ஹனூரிலிருந்து என் அண்ணன் வந்தார். "வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துரும்மா. தனியா எதை நம்பி இருப்பே?"

"அவரைப் பாத்துக்கிட்ட கடவுள் என்னையும் பாத்துக்குவாருங்கண்ணா" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. நடுங்கினாலும், மனதாரத்தான் சொன்னேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்.